கேபிளை நிறுத்திவிட்டு ஓடிடிக்கு மாறலாமா? நெல்லைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: பாளையங்கோட்டையில் வீடு. வயதான அப்பா அம்மா, கணவன் மனைவி, ஸ்கூல் போகும் பையன். கேபிளுக்கு மாதம் 250 ரூபாய், வைஃபைக்குத் தனியாக 471 ரூபாய், அதற்கு மேல் இரண்டு மூன்று ஆப். அப்பா அம்மாவைத் தவிர யாரும் கேபிள் பக்கம் போவதில்லை. நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் அம்மாவுக்கு சீரியல் கிடைக்குமா? ராத்திரியில் படம் சுத்திக்கொண்டே நிற்கிறதே, அதற்கு என்ன வழி?

நிறுத்தலாம், ஆனால் இந்த மாதமே வேண்டாம். எந்த ஆப் வாங்குவது என்பதில்தான் எல்லோரும் முதலில் இறங்குகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டிய வேலை. வீட்டுக்கு வரும் லைன் எப்படி இருக்கிறது, ரூட்டரிலிருந்து டிவி வரைக்கும் நெட் எப்படிப் போகிறது, இந்த இரண்டையும் சரிசெய்யாமல் கேபிளைத் துண்டித்த வீடுகளில்தான் மூன்றாம் மாதம் கேபிள்காரரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் லைன். பழைய கேபிள் லைனில் கருப்பு கோஆக்ஸ் வயர் தெருத்தெருவாக வரும். தூரம் போகப்போக சிக்னல் தேய்வதால் இடையிடையே ஆம்ப்ளிஃபயர் வைப்பார்கள். அது ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், அடுத்த தெருவில் கரண்ட் போனால் உங்கள் கேபிள் நிற்பது இதனால்தான். ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை. ஆபரேட்டரின் அறையில் இருந்து ஒளியை அனுப்பும் ஓஎல்டி பெட்டிக்கும் உங்கள் வீட்டு மோடத்துக்கும் (பெரும்பாலும் ரூட்டரும் இதே பெட்டிதான்) நடுவில் இருப்பது கண்ணாடி இழையும், ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும் மட்டும். இரண்டுமே கரண்ட் கேட்காதவை. அந்த அறையில் பேட்டரி நன்றாக இருந்து, உங்கள் மோடத்துக்கும் பேக்கப் இருந்தால், ஊரே இருட்டாக இருந்தாலும் நெட் வரும்.

ஃபைபர் லைன் நல்லதா என்று பார்க்க ஒரே ஒரு எண் போதும். மோடத்துக்குள் வந்து சேரும் ஒளியின் அளவு அது, டிபிஎம் என்று சொல்வார்கள். லைன் போட வருபவரின் பையில் பவர் மீட்டர் இருக்கும். மோடத்தில் செருகியிருக்கும் பச்சை முனை கொண்ட குட்டி ஃபைபர் வயரை (பேட்ச் கார்டு) கழற்றி அதில் செருகினால் எண் தெரியும். பல மோடங்களில் உள்ளே நுழைந்து ஆப்டிகல் ஸ்டேட்டஸ் பக்கத்திலும் பார்க்கலாம். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் நல்ல லைன். மைனஸ் 27-ஐத் தொட்டால் அது விளிம்பில் நிற்கிறது: பகலில் ஓடும், ஒரு மழை பெய்தால் அறுந்து அறுந்து வரும். மைனஸ் 8-ஐ விட வலுவாக வந்தாலும் ஆகாது, மோடம் திணறும். எண் எதனால் கெடுகிறது என்றால், எட்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் ஒளியில் ஏறத்தாழ 10.5 டிபி தின்னும், அதாவது அந்த எண் அவ்வளவு இறங்கும்; இரண்டு அடுத்தடுத்து வந்தால் 21. ஓஎல்டியிலிருந்து பிளஸ் 4-ல் கிளம்பிய ஒளி உங்களிடம் மைனஸ் 17, 18-ல் வந்து சேர வேண்டும். மைனஸ் 25 என்று காட்டினால் மீதி எங்கோ வீணாகிறது. பெரும்பாலும் போஸ்ட்டில் இரண்டு இழையைச் சரியாக ஒட்டாத ஸ்ப்ளைஸ், தூசி படிந்த கனெக்டர், இல்லையென்றால் உங்கள் ஜன்னல் சட்டத்தில் நசுங்கிய வயர். இந்த மூன்றாவதை நீங்களே சரிபார்க்கலாம். கதவிடுக்கில் விட்டு மூடியிருந்தாலும், ஆணியில் சுற்றி இறுக்கியிருந்தாலும் எடுத்துத் தளர்வாக விடுங்கள். வயர் வளைவு ஒரு டம்ளர் வாயை விடச் சிறியதாக இருக்கக்கூடாது. வீட்டுக்குள் வெள்ளையடிக்கும்போது ஆட்கள் வயரை ஒதுக்கி மடக்கி வைத்துவிட்டுப் போவதுதான் இங்கே அதிகம் நடக்கும் கோளாறு.

மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை, ஆபரேட்டருக்குத்தான் போன் போட வேண்டும். லைன் சேர்ந்துவிட்டதைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நின்று எரிந்து, நெட் மட்டும் இல்லையென்றால் கோளாறு வயரில் இல்லை. அக்கவுண்ட் காலாவதி, அல்லது அவருக்கு மேலே நெட் கொடுப்பவரின் பக்கம் பிரச்சினை. இதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் ஏணியோடு வருவதா, ஆபீஸில் உட்கார்ந்து சரிசெய்வதா என்பது உடனே முடிவாகிவிடும். உங்கள் அரை நாள் மிச்சம்.

இனி அந்தச் சுத்தல். நீங்கள் சொல்வது போல ராத்திரியில் மட்டும் சுத்துகிறது, காலையில் பிரச்சினை இல்லை என்றால் சந்தேகம் முதலில் ஆபரேட்டர் மேல் போக வேண்டும். ஒரே தடத்தில் ஏராளமான வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, இரவு ஏழு முதல் பத்து வரை எல்லோரும் ஒன்றாகப் பார்க்கும்போது பங்கு குறைகிறது. சோதிக்கும் முறை: ராத்திரி எட்டரைக்கு, மோடத்துக்கு அருகில் நின்று, வேறு யாரும் எதையும் பார்க்காதபோது போனில் ஃபாஸ்ட் டாட் காம் பக்கத்தைத் திறங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் வேகச் சோதனை. வீடியோ வரும் அதே சர்வர்களிலிருந்து அளப்பதால் மற்றவற்றை விட உண்மைக்குக் கிட்ட இருக்கும். நான்கைந்து நாள் எண்ணைக் குறித்து வையுங்கள். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும். அதாவது 30 எம்பிபிஎஸ் திட்டமே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். மோடம் பக்கத்தில் 28 காட்டி டிவி பக்கத்தில் 4 காட்டினால் குற்றம் உங்கள் வீட்டு வைஃபையில். மோடம் பக்கத்திலேயே 4 காட்டினால், 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு ஏறினாலும் தீராது. ஆபரேட்டரைத்தான் மாற்ற வேண்டும். வேகத்தைக் கூட்டிக் காசைக் கூட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள் வீணாகக் கட்டுகிறார்கள்.

வீட்டுக்குள் வரும் பிரச்சினை நம் ஊர் வீடுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. டவுன் ரதவீதிகள், பாளை, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகள் வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளமாக ஓடுபவை. ஒன்றரை அடிச் சுவர். லைன் போட வந்தவர் வாசல் திண்ணை ஓரம் மோடத்தை மாட்டிவிட்டுப் போயிருப்பார். டிவி பட்டாசலைத் தாண்டி இரண்டாங்கட்டில் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அப்படி இரண்டு சுவரைத் தாண்டும்போது செத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் வளவு வீடுகளிலும் அடுக்கு மாடிகளிலும் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அதே தடத்தில் இரைச்சல் போடும். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ரூட்டர் செட்டிங்கில் 'ஆட்டோ' என்று இருப்பதை மாற்றி, காலியாக இருக்கும் ஒன்றில் நிறுத்துங்கள்.

நிரந்தரத் தீர்வு வைஃபையில் இல்லை. ரூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். கேட்6 வயர், முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயரும் அதே நிறத்தில், அதே பெயரில் கடையில் கிடைக்கிறது, முனையில் கிரிம்ப் செய்த இடம் ஒரு வருஷத்தில் உடையும். ஏற்கெனவே கேபிள் டிவி வயர் போன பைப் இருந்தால், அந்தப் பழைய கோஆக்ஸின் முனையில் லேன் வயரைக் கட்டி மறுபக்கம் இழுத்தால் சுவரைக் கொத்தாமல் வேலை முடியும். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 4கே படத்துக்கு வேண்டியதைப் போல ஆறு மடங்குக்கு மேல் அது. வயர் இழுக்கவே முடியாத வீட்டில் ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் ரூட்டர் இரண்டு வைக்கலாம். இரண்டாவதை டிவிக்குப் பக்கத்தில் வைப்பது தப்பு. முதல் ரூட்டருக்கும் டிவிக்கும் நடுவழியில், முதல் ரூட்டரின் சிக்னல் இன்னும் வலுவாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடித்துவிடுங்கள். மோடம் எடுப்பது ஏழெட்டு வாட்தான். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி நடுவில் மாட்டினால் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள்: 12 வோல்ட் 1 ஆம்பியரா, 1.5-ஆ, இல்லை 9 வோல்ட்டா? வோல்ட் மாறினால் மோடம் போய்விடும். யுபிஎஸ்ஸின் ஆம்பியர் கூட இருந்தால் தவறில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் மாட்டுவது நல்லது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு நொடியில் மோடம் அணைந்தால், மறுபடி ஏறி வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும்.

டிவி எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை. ஸ்மார்ட் டிவி என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஆஃபரில் வாங்கிய சில டிவிகளில் ஆண்ட்ராய்டு இருக்கும், ஆனால் கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவியாக இருக்காது. அவற்றில் ஆப் திறக்கும், படமும் வரும். எச்டி மட்டும் வராது. காரணம், படத்தை யாரும் நகலெடுக்காமல் காக்கும் வைடுவைன் என்ற பூட்டு. அதில் எல்1 நிலை இருந்தால்தான் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்றவை எச்டி தரும். எல்3 மட்டும் இருந்தால் 480-லேயே நிறுத்திவிடும். 'நெட் ஃபாஸ்ட்டாகத்தான் இருக்கு, படம் மட்டும் மங்கலா இருக்கு' என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். இதற்கும், நாலைந்து வருஷத்தில் நத்தை மாதிரி ஆகிவிட்ட டிவிக்கும் மருந்து ஒன்றே: டிவியை மாற்றாதீர்கள், எச்டிஎம்ஐயில் செருகினால் ஆப்களைத் தானே ஓட்டும், சான்று பெற்ற ஸ்டிக் ஒன்று வாங்குங்கள். அதை மாட்டும்போது கவனிக்க வேண்டியது பவர். டிவியின் யுஎஸ்பி போர்ட் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். டிவியிலிருந்தே பவர் கொடுத்தால் படத்தின் நடுவே தானாக அணைந்து அணைந்து எரியும். கூட வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். சுவரோடு ஒட்டிய டிவியில் ஸ்டிக் வெந்துபோகும். டப்பாவிலேயே வரும் குட்டி எக்ஸ்டென்டர் வயரைத் தூக்கிப் போடாமல் பயன்படுத்தினால் சூடும் குறையும், வைஃபையும் நன்றாக எடுக்கும்.

டியூப் டிவி இன்னும் ஓடும் வீடுகள் கிராமங்களில் உண்டு. எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் டப்பா போட்டால் படம் வரும், எழுத்து படிக்க முடியாது. மெனுவை வாசித்துத்தான் எதையும் எடுக்க வேண்டிய ஓடிடிக்கு அது சரிவராது. அந்த டிவிக்குக் கேபிள் பாக்ஸே பொருத்தம்.

இப்போது அம்மாவின் சீரியல். சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்ட்டில், விஜய் டிவி தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5-ல். செய்தி சேனல்கள் கிட்டத்தட்ட எல்லாமே யூடியூப்பில் நேரலையாக இலவசம். திருச்செந்தூர் சூரசம்ஹாரம் போன்ற விழாக்களும் யூடியூப்பில் நேரலையாக வருகின்றன. ஓடிடியில் கிடைக்காமல் போகக்கூடியது உள்ளூர் கேபிள் சேனல். ஆனித் தேர், பக்கத்து ஊர்க் கொடை, கடைவீதி விளம்பரம், ராத்திரி ஒரு பழைய படம் என்று அப்பா அதைப் பார்ப்பவரானால், நிறுத்தும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நிகழ்ச்சி கிடைத்துவிடும். கையை விட்டுப் போவது ரிமோட்டில் இருக்கும் எண்கள். வயதானவர்கள் சேனலைப் பெயரால் தேடுவதில்லை, விரல் பழக்கத்தால் எண்ணை அழுத்துகிறார்கள். அந்த ரிமோட்டை எடுத்துப் பாருங்கள், இரண்டு மூன்று பட்டன்களில் மட்டும் எழுத்து அழிந்து வழவழப்பாக இருக்கும். ஸ்டிக்கின் ரிமோட்டில் எண்ணே கிடையாது. நான்கு திசையும் நடுவில் ஒரு வட்டமும்தான். பார்வை மங்கியவருக்கு, திரையில் எந்தக் கட்டம் இப்போது தேர்வாகியிருக்கிறது என்பதே தெரியாது. வீட்டில் இளையவர்கள் இல்லாத மத்தியான நேரத்தில் தப்பான பட்டன் ஒன்று பட்டுவிட்டால், நீங்கள் வேலை முடிந்து வரும்வரை டிவி நீல நிறத்தில் நின்றுகொண்டிருக்கும். கேபிளை எடுத்த வீடுகளில் பெரியவர்கள் டிவி பார்ப்பதையே குறைத்துக்கொண்டு, 'எனக்கு வேண்டாம்ப்பா' என்று சொல்லிவிடுவதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு ஆர்வம் போகவில்லை, வழிதான் போய்விட்டது.

இதற்குச் செய்ய வேண்டியவை உண்டு, ஒரு மணி நேர வேலை. முகப்புத் திரையில் அம்மா பார்க்கும் இரண்டு ஆப், யூடியூப், இவற்றை முதல் வரிசையில் முதல் மூன்று இடத்துக்கு நகர்த்துங்கள். மற்றதை அழியுங்கள் அல்லது கீழே தள்ளுங்கள். டிவி செட்டிங்கில் எச்டிஎம்ஐ-சிஇசியைப் போடுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அது போட்டுவிட்டால் ஸ்டிக் ரிமோட்டின் ஒரு பட்டனிலேயே டிவியும் எரியும், சரியான எச்டிஎம்ஐக்கும் தானே போய்விடும். இரண்டாவது ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். கூகுள் டிவி உள்ள பெட்டியானால் மைக் பட்டனை அழுத்திக்கொண்டு தமிழிலேயே சீரியல் பெயரைச் சொன்னால் எடுக்கும். அம்மாவுக்குத் தனி புரொஃபைல் போடுங்கள். பையன் பார்ப்பது கலக்காவிட்டால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது மேலேயே நிற்கும். ரிமோட்டில் வேண்டிய பட்டன்கள் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வையுங்கள். இவ்வளவும் செய்து, ஒரு மாதம் கேபிளையும் வைத்துக்கொண்டு, அவர் உங்களைக் கூப்பிடாமல் தனியாகப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்தால் நிறுத்துங்கள். இல்லையென்றால் மாதம் 250 ரூபாயை அவருக்கான செலவாக வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொரு நடுவழியும் இருக்கிறது. கேபிள்காரரே ஃபைபர் நெட்டும் கொடுப்பவரானால், ஆர்எஃப் போர்ட் உள்ள மோடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே இழையில் நெட் 1490 நானோமீட்டர் ஒளியிலும் டிவி 1550-லும் வரும்; மோடத்தின் பின்னால் ஒரு கோஆக்ஸ் முனை இருக்கும், அதிலிருந்து பழைய பாக்ஸுக்கு வயர் போகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசினால் தனித்தனியாகக் கட்டுவதை விடக் குறையும்.

கிரிக்கெட் பற்றி ஒன்று. ஓடிடியில் நேரலை என்பது கேபிளை விட 20 முதல் 60 நொடி வரை பின்தங்கும். படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குவதால் இது வருகிறது. வேகமான நெட் வாங்கினாலும் போகாது. பக்கத்து வீட்டில் கேபிள் என்றால் விக்கெட் விழுந்த சத்தம் முன்னாலேயே கேட்டுவிடும். ஐபிஎல் 2023-ல் இணையத்தில் முழுக்க இலவசமாக வந்தது. 2025 பிப்ரவரி 14-ல் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டாராக ஒன்றான பிறகு அந்த இலவசம் போய்விட்டது. மற்ற தொடர்களுக்கு உரிமை ஆளுக்கொரு பக்கம் போகும், வருஷா வருஷம் பார்த்துத்தான் சேர வேண்டும்.

சந்தா இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. தேச முக்கியத்துவம் உள்ளதாக அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் சிக்னலைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. அந்தச் சிக்னல் தூர்தர்ஷனின் சொந்த வழிகளில் மட்டும்தான் போகலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், கேபிளில் வரும் டிடி ஸ்போர்ட்ஸில் அந்த ஆட்டம் இருக்காது, தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் இருக்கும். ஒரு தடவை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. தமிழ் சேனல்கள் அதில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், ஆகவே கேபிளுக்கு மாற்று என்று நினைக்காதீர்கள். நெட் போன நாளைக்கு ஒரு துணை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது, கரண்ட், டவர் எல்லாம் சேர்ந்து போனது. எல்லாவற்றையும் ஒரே ஃபைபரில் வைத்திருக்கும் வீட்டில் டிவி, போன், செய்தி எல்லாம் ஒரே நொடியில் நிற்கும். குறைந்தபட்சம் ஃபைபர் எந்த நிறுவனமோ அதே நிறுவனத்தின் சிம்மை எல்லோரும் வைத்திருக்காதீர்கள்.

ஃப்ரீ டிஷ் வைப்பவர்களுக்குத் திசை: சாட்டிலைட் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 118 பாகை, அதாவது கிழக்கும் தென்கிழக்கும் நடுவில். உயரம் ஏறத்தாழ 69 பாகை. தட்டட்டியில் அந்தப் பக்கம் தென்னை ஓலை மறைக்காமல் இருக்க வேண்டும். 60 செ.மீ. டிஷ் ஒன்றின் பார்வை அகலம் மொத்தமே மூன்று பாகைதான்; விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஒரு பாகை விலகிவிடும். பணகுடி, காவல்கிணறு, வடக்கன்குளம் பக்கம் காற்றாலை சுற்றும் மாதங்களில் டிஷ் நிலைப்பதில்லை என்பது இதனால்தான். கைப்பிடிச் சுவரில் இரண்டு ஸ்க்ரூ போட்டு நிறுத்தாமல், தளத்தில் நான்கு ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று, டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டி நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியின் முனையை அரிக்கும். அதில் வயர் சேரும் எஃப் கனெக்டருக்கு ரப்பர் பூட்டும் அதன் மேல் நீர் புகாத டேப்பும் வேண்டும், வயர் உள்ளே நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் வயர் வழியே ஓடி உள்ளே போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். குற்றாலம், செங்கோட்டைச் சாரலுக்கு டிஷ் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்யும் மழையில் எந்த டிஷ்ஷும் சிறிது நேரம் நிற்கத்தான் செய்யும்.

ஃபைபர் வராத ஊர்களில் ஏர்ஃபைபர் என்ற 5ஜி இணைப்பு ஒரு வழி. மாடியில் ஒரு பெட்டி, அதிலிருந்து வீட்டுக்குள் வயர். டவர் நேராகத் தெரிந்தால் நன்றாக ஓடும். ஃபைபரில் மாத வரம்பு பொதுவாக 3,300 ஜிபி, ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி. நாளைக்கு ஐந்து மணி நேரம் எச்டி பார்த்தாலும், மணிக்கு 3 ஜிபி என்று வைத்து மாதம் 450 ஜிபிதான் ஆகும்; இரண்டு டிவி 4கேயில் ஓடினால்தான் மணிக்கு 7 ஜிபி வீதம் வரம்பு கண்ணுக்குத் தெரியும். போன் ஹாட்ஸ்பாட்டில் டிவியை ஓட்டும் யோசனையை விட்டுவிடுங்கள்: நாளைக்கு 1.5 ஜிபி என்பது அரை மணி நேர எச்டி.

பணக் கணக்கு கடைசியில். 399 ரூபாய் என்று விளம்பரத்தில் பார்ப்பது 18 சதவீத ஜிஎஸ்டியோடு 471. நெட் எப்படியும் வேண்டும் என்பதால் மிச்சமாவது கேபிளின் 250, அதாவது வருஷத்துக்கு 3,000. நான்கு ஆப்பை ஒன்றாகப் பிடித்து வைத்தால் அந்த 3,000-ஐத் தாண்டிவிடும். கேபிள் பழக்கத்தில் எல்லாச் சேனலும் எப்போதும் வர வேண்டும் என்று நினைத்து வாங்குவதுதான் இங்கே காசு போகும் வழி. அம்மாவின் சீரியல் வரும் ஆப் ஒன்றை வருஷச் சந்தாவாக எடுங்கள், அது விலை குறைவாக விழும். மற்றதை மாதக் கணக்கில் மாற்றி மாற்றி எடுங்கள். புதுப் படங்கள் தியேட்டருக்கு வந்து பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும். ஒரு ஆப்பில் மூன்று நான்கு படம் சேரும் வரை பொறுத்து, ஒரு மாதம் கட்டி, பார்த்து முடித்து, விட்டுவிடலாம். நெட் திட்டத்தோடு சேர்த்துத் தரும் ஓடிடிகளில் மொபைலில் மட்டும் ஓடுபவையும் உண்டு. டிவியில் ஓடுமா, விளம்பரம் வருமா, எத்தனை திரை என்று மூன்று கேள்வி கேட்காமல் அந்தத் திட்டத்துக்கு ஏறாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையிலிருந்து ஒரே வீட்டுக்குள் மட்டும் என்று இறுக்கிவிட்டது. பிரைமில் 2025 ஜனவரியிலிருந்து ஐந்து கருவி, அதில் டிவி இரண்டு. ஆகவே சென்னையில் இருக்கும் தம்பியின் பாஸ்வேர்டை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயில் எல்லா ஆப்பும், எல்லாச் சேனலும் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஐபிடிவி (நெட் வழியே சேனல்) பக்கம் போகவே வேண்டாம். திருட்டு இணைப்பு அது. பெரிய ஆட்டம் நடக்கும் நாளில்தான் முடக்கப்படும், பணத்தைக் கேட்க ஆள் இருக்காது. ஸ்டிக்கில் அவர்கள் ஏற்றச் சொல்லும் ஆப் உங்கள் வீட்டு நெட்டுக்குள் என்ன செய்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

ஆப்பில் பணம் கட்டும்போது யுபிஐ ஆட்டோபே தானாகவே சேர்ந்துவிடும். ஆப்பை அழித்தால் அது நிற்காது. பணம் கட்டிய யுபிஐ செயலியைத் திறந்து, ஆட்டோபே பகுதியில் அந்த மேண்டேட்டை, அதாவது தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை, ரத்து செய்ய வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்த உடனே ரத்து செய்தால் பணம் போகாது. கட்டிய மாதம் முழுக்கப் பார்க்கவும் முடியும் என்பதால், சந்தா எடுத்த அன்றைக்கே ரத்து செய்து வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

கேபிள்காரரைப் பகைத்துக்கொண்டு துண்டிக்காதீர்கள். 2020 இறுதியில் நாட்டில் 7 கோடியைத் தொட்டிருந்த கட்டண டிடிஎச் இணைப்புகள் 2025 மார்ச்சில் 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டன. கேபிளிலும் இதே போக்குதான், அதனால் அவர்களில் பலர் ஃபைபருக்கு மாறிவிட்டார்கள். நாளைக்கு உங்கள் நெட் அறுந்தால் மழையில் போஸ்ட்டில் ஏறப்போவதும் பெரும்பாலும் அவரேதான். நிறுத்துவது என்று முடிவானால் மாத ஆரம்பத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்களிடம் இருப்பது அரசு கேபிள் பாக்ஸ் என்றால் அது இலவசமாகக் கொடுத்தது, அரசுக்குச் சொந்தம். பாக்ஸ், அடாப்டர், ரிமோட் மூன்றையும் திருப்பிக் கொடுத்து, பாக்ஸின் அடியில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டு ஒரு ரசீது வாங்கி வையுங்கள். கோஆக்ஸ் வயரை மட்டும் சுவரிலிருந்து பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் லேன் வயர் இழுக்க அது வேண்டும்.